மண்ணை வறுத்து விஷத்தைப் பிரிப்பது எப்படி? டா நாங் விமான நிலையத்தின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

உங்க ஃபிரண்ட்ஸ் லிஸ்ட்ல யாராவது ஒருத்தர் சமீபத்துல வியட்நாம் டூர் போயிருப்பாங்க. ரெண்டு பெரிய கல் கைகள் தூக்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு தங்க நிறப் பாலம், அதுல நின்னு எடுத்த போட்டோவை இன்ஸ்டாவில் நீங்களும் பார்த்திருப்பீங்க. அந்தப் பாலத்துக்குப் போறவங்க பெரும்பாலும் வந்து இறங்குற இடம் டா நாங் விமான நிலையம்.

அந்தப் பாலம் திறந்தது 2018ல. அதே 2018 நவம்பர்ல, அந்த விமான நிலையத்துக்குள்ள இன்னொரு வேலையும் முடிஞ்சது. ஆறு வருஷமா, சுமார் 90,000 கன மீட்டர் மண்ணைத் தோண்டி எடுத்து, 335 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடாக்கி, அதுக்குள்ள இருந்த டையாக்ஸின்ங்கிற விஷத்தை வெளியேத்தினாங்க. செலவு கிட்டத்தட்ட 11 கோடி டாலர்.

இன்னைக்கு எபிசோட் அந்த மண்ணைப் பத்தித்தான். மண்ணைச் சூடாக்கினா விஷம் போயிடுமா? போகும்னா எங்க போகும்? போயிடுச்சுன்னு யார் சொல்றது?

விஷம் வந்த வழி

முதல்ல கொஞ்சம் வரலாறு. வியட்நாம் போர்ல 1962லிருந்து 1971 வரைக்கும் அமெரிக்க விமானப்படை காடுகள் மேலயும் வயல்கள் மேலயும் களைக்கொல்லி தெளிச்சது. எதிரிக்கு ஒளிய இலை இருக்கக் கூடாது, சாப்பிட நெல் இருக்கக் கூடாது. இதான் கணக்கு. மொத்தம் ஏழு கோடி லிட்டருக்கு மேல தெளிச்சாங்க. அதுல அதிகமாப் பயன்பட்டது ஏஜென்ட் ஆரஞ்சு. மருந்தோட நிறம் ஆரஞ்சு கிடையாது. டிரம் மேல ஆரஞ்சு கலர்ல ஒரு பட்டை அடிச்சிருப்பாங்க, அதனால அந்தப் பேர்.

ஏஜென்ட் ஆரஞ்சுல ரெண்டு களைக்கொல்லிகள் பாதிக்குப் பாதி கலந்திருக்கும். அதுல ஒண்ணைத் தயாரிக்கும்போது சூடு அதிகமாயிட்டா, யாரும் கேக்காத ஒரு பொருளும் கூடவே உருவாகும். அதுதான் டிசிடிடி, டையாக்ஸின் குடும்பத்துலயே ரொம்ப மோசமான உறுப்பினர். ஆர்டர் குவியுது, சீக்கிரம் தயாரிக்கணும்னு சூட்டை ஏத்துனா, டையாக்ஸினும் ஏறும். கட்டுப்பாடில்லாத சூட்டுல பிறந்த விஷம் இது. இதை மண்ணுலருந்து எடுக்கவும் கடைசியில சூடுதான் தேவைப்பட்டது.

விமானத்துல மருந்தை ஏத்துற தளங்கள்ல டா நாங், பியன் ஹோவா, ஃபூ காட் மூணும் முக்கியமானவை. டிரம்ல இருந்து மாத்துறாங்க, கலக்குறாங்க, டேங்கைக் கழுவுறாங்க. சிந்தினதெல்லாம் மண்ணுல இறங்குச்சு.

போர் முடிஞ்சு மிச்சமிருந்த டிரம்களை என்ன பண்ணாங்க தெரியுமா? 1977ல வல்கானஸ்னு ஒரு கப்பல்ல ஏத்தி, பசிபிக் கடல் நடுவுல எரிச்சு முடிச்சாங்க. டிரம்ல இருந்தது ஒரே வருஷத்துல முடிஞ்சது. மண்ணுல சிந்தினது பல வருஷம் மண்ணுலயே கிடந்தது. ஒரு விஷயம் மண்ணோட கலந்துட்டா அதைப் பிரிச்சு எடுக்கிறது எவ்வளவு கஷ்டம்னு இந்த ஒரு ஒப்பீடே சொல்லிடும்.

எவ்வளவு விஷம்?

டையாக்ஸினை அளக்கிற அலகு பிபிடி. லட்சம் கோடியில ஒரு பங்கு. மனசுல நிக்கிற மாதிரி சொல்லணும்னா, ஒரு டன் மண்ணுல ஒரு மில்லிகிராம் டையாக்ஸின் இருந்தா அது 1,000 பிபிடி. வியட்நாம்ல இந்த மாதிரி இடங்கள்ல மண்ணுக்கு வெச்சிருந்த வரம்பே அந்த 1,000தான்.

ஹாட்ஃபீல்டுங்கிற கனடா ஆய்வு நிறுவனம் டா நாங் தளத்துல மருந்து கலந்து ஏத்துன இடத்து மண்ணைச் சோதிச்சப்போ வந்த அதிகபட்ச அளவு 3,65,000 பிபிடி. வரம்பை விட 365 மடங்கு. அதே சமயம், எடையாப் பார்த்தா டன்னுக்கு 365 மில்லிகிராம். அரை கிராம் கூட இல்ல. ஒரு லாரி மண்ணுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ரெண்டு மூணு கிராமைத் தேடி எடுக்கிற வேலை இது.

அந்தத் தளத்துக்குப் பக்கத்துல சென் ஏரின்னு ஒண்ணு இருக்கு. மழைத்தண்ணி வழியா சேறு அங்க போய்ச் சேர்ந்தது. டையாக்ஸின் தண்ணியில கரையாது, கொழுப்புல கரையும். அதனால மீனோட கொழுப்புல சேரும், மீனைச் சாப்பிடுற மனுஷன் கொழுப்புலயும் சேரும். ஏரியில மீன் பிடிச்சு, தாமரை பறிச்சுப் பிழைச்சவங்களோட ரத்தத்துல அதிக அளவு டையாக்ஸின் இருந்ததா அதே ஆய்வுகள் சொன்னது. உடம்புக்குள்ள போன டையாக்ஸின் பாதியாக் குறையவே ஏழிலிருந்து பதினோரு வருஷம் ஆகும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஆக, ஒவ்வொரு மழைக்காலமும் ஒரு கணக்கைக் கூட்டிக்கிட்டே இருந்தது.

மிளகாய் வறுக்கிற தத்துவம்

இப்போ டெக்னாலஜிக்கு வருவோம். இதுக்குப் பேர் தெர்மல் டிஸார்ப்ஷன். பேர்தான் பெருசு, விஷயம் நம்ம வீட்டு அடுப்படியில நடக்கிறதுதான்.

காஞ்ச மிளகாயை டப்பாவுல வெச்சிருந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. அதையே வாணலியில போட்டு வறுத்தா ஹால்ல டிவி பார்க்கிறவர் இருமுவார், பக்கத்து வீட்டுல தும்முவாங்க. மிளகாய்க்குள்ள ஒட்டிக்கிட்டு இருந்த காரம் சூடு பட்டதும் காத்துக்கு வந்துடுச்சு. மிளகாய் எரிஞ்சு சாம்பலாகணும்னு அவசியமே இல்ல.

மண்ணுலயும் இதான். மண்ணை எரிக்கிறது நோக்கம் கிடையாது. மண் துகளோட ஒட்டிக்கிட்டு இருக்கிற விஷ மூலக்கூறு, பிடியை விட்டுட்டு ஆவியாகுற அளவுக்குச் சூடு குடுக்கிறாங்க. 335 டிகிரிங்கிறது டையாக்ஸினோட கொதிநிலையை விடக் குறைவுதான். ஆனா துணி காயுறதுக்கு நூறு டிகிரி வேணுமா என்ன? நேரம் குடுத்தா போதும். வாரக்கணக்குல, மாசக்கணக்குல அந்தச் சூட்டுல வெச்சிருந்தா விஷம் வெளிய வந்துடும்.

டா நாங்ல எப்படிப் பண்ணாங்கன்னா, ஒரு ஃபுட்பால் மைதானம் அளவுக்குத் தரையில கான்கிரீட் பிளாக் சுவர் எழுப்பி ஒரு பிரம்மாண்டமான பெட்டி கட்டினாங்க. விஷ மண்ணை அதுல கொட்டி நிரப்பி, மேல மூடினாங்க. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹீட்டர் குழாய்களை மண்ணுக்குள்ள செங்குத்தா இறக்கினாங்க. நம்ம வாளியில போடுற வாட்டர் ஹீட்டர் ராடு மாதிரியே, ஆனா பல மீட்டர் நீளம். ராடு சுமார் 750 டிகிரியில இருக்கும். அதைச் சுத்தி மண் மெதுவாச் சூடேறும். 2014 ஏப்ரல்ல சுவிட்ச் போட்டாங்க. ஒரு லோடு முடிஞ்சதும் மண்ணை ஆற வெச்சு வெளிய எடுத்துட்டு, ரெண்டாவது லோடை நிரப்பி மறுபடி சூடாக்கினாங்க.

கெமிக்கல் ஊத்திக் கழுவினா ஆகாதான்னு கேக்கலாம். களிமண்ணுக்குள்ள தண்ணி நுழையுறதும் மணலுக்குள்ள நுழையுறதும் ஒண்ணு கிடையாது. வித்தியாசம் லட்சக்கணக்கான மடங்கு. நீங்க ஊத்துறது மணல் வழியா ஓடிடும், களிமண் கட்டி அப்படியே உக்காந்திருக்கும். சூடு கடத்துறதுல மட்டும் மணலுக்கும் களிமண்ணுக்கும் சில மடங்குதான் வித்தியாசம். அதனால சூடு எல்லா மூலைக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி போய்ச் சேரும். இந்த முறையோட மொத்த பலமும் இந்த ஒரு இயற்பியல் குணத்துலதான் இருக்கு.

கரண்ட் பில்

இன்ஜினியரிங் படிச்ச பாவத்துக்கு ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு கன மீட்டர் ஈர மண்ணுல ஒன்றரை டன் மண்ணும் 300 லிட்டர் தண்ணியும் இருக்குன்னு வெச்சுக்குவோம். மண்ணை மட்டும் 25 டிகிரியிலிருந்து 335க்கு ஏத்த சுமார் 115 யூனிட் மின்சாரம் போதும். அதுல இருக்கிற தண்ணியைக் கொதிக்க வெச்சு ஆவியாக்க சுமார் 215 யூனிட். மொத்தம் 330.

கவனிச்சீங்களா? மூணுல ரெண்டு பங்கு சக்தி தண்ணியை விரட்டவே செலவாகுது. இட்லி குண்டான்ல தண்ணி இருக்கிற வரைக்கும் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது இல்லையா? அதே மாதிரி மண்ணும் நூறு டிகிரியில வாரக்கணக்கா நின்னுடும். கடைசிச் சொட்டு ஈரம் போனதுக்கு அப்புறம்தான் சூடு மேல ஏறத் தொடங்கும். அதனால மழையும் நிலத்தடி நீரும் இந்த வேலைக்குப் பெரிய எதிரிகள்.

90,000 கன மீட்டருக்கு என் கணக்குப்படி கிட்டத்தட்ட மூணு கோடி யூனிட். இதுல வெளிய கசியுற சூட்டைச் சேர்க்கவே இல்ல, நிஜத்துல இன்னும் அதிகமாத்தான் ஆகும். ரெண்டு மாசத்துக்கு 330 யூனிட் எரிக்கிற வீடுகள் நம்ம ஊர்ல நிறைய. அப்படி 90,000 வீடுகளோட ஒரு பில் காலத்து மின்சாரத்தை, மண்ணைக் காய வைக்கவும் வறுக்கவும் மட்டும் செலவு பண்ணியிருக்காங்க.

வெளிய வந்த விஷம் எங்க போச்சு?

மிளகாய் உதாரணத்துக்குத் திரும்ப வருவோம். காரம் காத்துக்கு வந்துடுச்சு. சிம்னி இல்லைன்னா வீடே இருமும். மண்ணைச் சூடாக்கித் திறந்து விட்டா, இதுவரைக்கும் தரையில கிடந்த விஷத்தை நாமளே ஊர் மூச்சுக்குள்ள அனுப்பின மாதிரி ஆயிடும்.

டா நாங்ல ரெண்டு விஷயம் நடந்தது. ஒண்ணு, டையாக்ஸின்ல பெரும்பகுதி அந்தப் பெட்டிக்குள்ளயே சிதைஞ்சுடுச்சு. ஆவியான விஷம் ஹீட்டர் பக்கத்துல இருக்கிற அதிகச் சூட்டைக் கடந்துதான் போகணும், அங்க மூலக்கூறு உடைஞ்சிடும். ரெண்டாவது, தப்பிச்சு வந்த மிச்ச ஆவியைக் குழாய் வழியா உறிஞ்சி எடுத்து, குளிர வெச்சு, தண்ணியையும் வாயுவையும் தனித்தனியாப் பிரிச்சு, ஆக்டிவேட்டட் கார்பன் வழியா அனுப்பினாங்க. நம்ம வீட்டு ஆர்ஓ ஃபில்டர்ல கறுப்பா இருக்குமே, அதே சாமான்தான். விஷத்தைப் பிடிச்ச அந்தக் கார்பனே அப்புறம் அபாயக் கழிவு ஆயிடும். அதைத் தனியாக் கையாளணும்.

இதுல ஒரு கண்ணி இருக்கு. குளோரின் கலந்த புகை மெதுவா ஆறும்போது, 200லிருந்து 400 டிகிரி வரைக்குமான இடைவெளியில டையாக்ஸின் புதுசா உருவாகலாம். அதனாலதான் கழிவு எரிக்கிற ஆலைகள்ல புகையை அந்த இடைவெளியில நிக்க விடாம சட்டுனு குளிர வைப்பாங்க. சூடாக்குறது சுலபமான பாதி. புகையைப் பிடிக்கிறதுதான் நிஜமான வேலை.

உடைக்க முடியாத விஷம்

இந்த இடத்துல கொடைக்கானலைச் சொல்லாமப் போக முடியாது. இந்துஸ்தான் யூனிலீவரோட தெர்மாமீட்டர் ஆலை 2001ல மூடப்பட்டது, பாதரசக் கழிவு வெளிய வந்தது, பாம்பார் சோலைப் பக்கத்து நிலம் மாசுபட்டது, முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோட 2016ல உடன்பாடு ஏற்பட்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த மண்ணைச் சுத்தம் பண்ண ஏத்துக்கப்பட்ட திட்டத்துலயும் சூடு இருக்கு. மண்ணைக் கழுவி, பாதரசம் அதிகமா ஒட்டியிருக்கிற பகுதியைத் தனியாப் பிரிச்சு, வெற்றிடத்துல சூடாக்குறது. பாதரசம் 357 டிகிரியில கொதிக்கும், வெற்றிடத்துல அதுக்கும் முன்னாடியே ஆவியாகும்.

டையாக்ஸினுக்கும் பாதரசத்துக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் உண்டு. டையாக்ஸின் ஒரு மூலக்கூறு. உடைச்சா அதோட கதை முடிஞ்சது. பாதரசம் ஒரு தனிமம். எவ்வளவு சூடு குடுத்தாலும் அது பாதரசமாவேதான் இருக்கும், இடம் மட்டும் மாறும். உள்ள போன ஒவ்வொரு கிராமையும் வெளிய பிடிச்சுக் கணக்குக் காட்டணும்.

ஈயம் மாதிரியான உலோகங்கள் இந்தச் சூட்டுக்கு அசையவே அசையாது. ராணிப்பேட்டையில மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுட்டுப் போன குரோமியக் கழிவு இருக்கே, அங்க சூடு உதவாது. குரோமியத்தைத் தப்பான சூழல்ல சூடாக்கினா விஷம் குறைஞ்ச வடிவம் விஷம் அதிகமான வடிவத்துக்கே மாறலாம். அதனால "சூடு பண்ணா சரியாயிடும்"னு யாராவது பொதுவாச் சொன்னா, எந்த விஷம்னு முதல்ல கேளுங்க.

சுத்தம்னா எவ்வளவு சுத்தம்?

டா நாங்ல சூடாக்கின மண்ணுக்கு வெச்ச இலக்கு 150 பிபிடி. ஒரு டன்னுக்கு 0.15 மில்லிகிராம், தூள் உப்புல ரெண்டு மூணு மணி அளவு. அதுக்கும் கீழ கொண்டு வந்தாங்க. கொடைக்கானலுக்கு வெச்ச இலக்கு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம். சோலைக்காட்டை ஒட்டின இடத்துக்கு இது ரொம்பத் தாராளமான எண், இன்னும் கடுமையா இருக்கணும்னு சூழலியல் செயல்பாட்டாளர்கள் வருஷக்கணக்கா வாதாடினாங்க.

இந்த எண்ணை ஹீட்டர் முடிவு பண்றதில்லை. குழந்தை விளையாடப் போகுதா, ஆலை வரப்போகுதா, காடு வளரப்போகுதா, அந்தப் பயன்பாட்டை வெச்சு மனுஷங்க முடிவு பண்றாங்க. எண்ணைக் கொஞ்சம் தளர்த்தினா தோண்ட வேண்டிய மண் குறையும், பில் குறையும். அதனால அந்த எண்ணை யார் எழுதுறாங்கங்கிறதுலதான் அரசியலே இருக்கு. டா நாங்ல முதல்ல சுமார் 73,000 கன மீட்டர்னு நினைச்சாங்க. தோண்டத் தோண்ட விஷம் நீண்டுக்கிட்டே போச்சு. செலவு ஆரம்ப மதிப்பீட்டை விட ரெண்டு மடங்குக்கு மேல ஏறிச்சு. ஆனாலும் இலக்கை மாத்தல. இந்தக் கதையில எனக்குப் பிடிச்ச இடம் இதுதான்.

பிடிக்காத இடமும் ஒண்ணு உண்டு. 335 டிகிரியில மாசக்கணக்கா வெந்த மண்ணுல மண்புழு கிடையாது, நுண்ணுயிர் கிடையாது, மட்கும் கிடையாது. சுத்தமா இருக்கு, ஆனா உயிர் இல்ல. டா நாங்ல அதை விமான நிலைய விரிவாக்கத்துக்கு நிரப்பு மண்ணாப் பயன்படுத்தினாங்க. அங்க அது பொருத்தம். சோலைக்காட்டுல அதே மண்ணைத் திருப்பிக் கொட்டினா அதைக் காடுன்னு சொல்ல முடியுமா?

பாதியில நின்னா?

மூணு தளங்கள் சொன்னேன் இல்லையா? ஃபூ காட்ல விஷ மண் குறைவு. அதை 2012ல பாதுகாப்பான குழியில புதைச்சு மூடிட்டாங்க. டா நாங் முடிஞ்சது. மிச்சம் பியன் ஹோவா, ஹோ சி மின் நகரத்துக்குப் பக்கத்துல. மூணுலயும் பெருசு இதுதான். சுமார் 5 லட்சம் கன மீட்டர், டா நாங்ல சூடாக்கினதை விட அஞ்சு மடங்குக்கு மேல. 2019ல வேலை ஆரம்பிச்சாங்க.

2025 தொடக்கத்துல அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை ஒரே உத்தரவுல நிறுத்தினது ஞாபகம் இருக்கும். டா நாங்குக்கும் பியன் ஹோவாவுக்கும் பணம் குடுத்த யூஎஸ்எய்ட் அமைப்பும் அதுல சிக்கிச்சு. பியன் ஹோவாவுல வேலை நின்னது. தோண்டின விஷ மண் குழிகள் திறந்து கிடந்தது. சுத்திலும் மக்கள் நெருக்கமா வாழுற நகரம், அடுத்து வரப்போறது மழைக்காலம். பிறகு ஒப்பந்தத்தைத் திரும்ப உயிர்ப்பிச்சாங்க. ஆனா அந்த இடைவெளியில ஒரு விஷயம் தெளிவாப் புரிஞ்சது. தோண்டாத விஷ மண்ணை விட, தோண்டிப் பாதியில விட்ட விஷ மண் ஆபத்தானது.

நம்ம ஊர்லயும் இந்த மாதிரித் திட்டங்கள் வரும். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். அங்க போனா ஹீட்டர் எந்தக் கம்பெனின்னு கேக்க வேண்டியதில்ல. புகையை எதுல பிடிக்கிறீங்க, பிடிச்சதை எங்க கொண்டுபோறீங்க, எந்த எண் வந்தா சுத்தம்னு கையெழுத்துப் போடுவீங்க, பாதியில பணம் நின்னா குழியை யார் மூடுவாங்க? இந்தக் கேள்விகளுக்கு எழுத்துல பதில் வாங்குங்க. டெக்னாலஜி வேலை செய்யும்னு டா நாங் காட்டிடுச்சு. கடைசி லோடு ஆறுற வரைக்கும் கூட நிக்க ஆள் வேணும்னு பியன் ஹோவா காட்டுது.

உங்க ஊர்ல இப்படி மூடிப்போன ஆலை, யாரும் கை வைக்காத மண் இருந்தா எழுதுங்க, அதைப் பத்தியும் பேசுவோம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.